ஏடுகள் பேசட்டும்!

மேனாம்பேட்டிலே குடியிருந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே உழைக்கும் தோழரைப் பற்றி எத்தனை ஏடுகள்! ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலே ஒன்று, காசநோய்ப் பிரிவிலே ஒன்று, காப்பீட்டுத் திட்டத்திலே ஒன்று, கடைசியிலே மாநகராட்சியின் இறப்பேடு. ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்த்ததுண்டா?

பார்த்தால் என்ன தெரியும் என்பதைச் சென்னையே காட்டிற்று. 1995 முதல் 1997 வரை மாநகராட்சி ஏட்டிலே பதிவான சாவுகளை எடுத்துக்கொண்டு, டாக்டர் கஜலட்சுமி குழுவினர் வீடு வீடாகச் சென்றனர். "புகை பிடிப்பாரா? எத்தனை ஆண்டாக?" என்று கேட்டனர். நகரிலே 27,000, நாட்டுப்புறத்திலே 16,000 ஆண்களின் சாவு ஆராயப்பட்டது. 2003-இல் வந்தது முடிவு: இந்தியாவில் காசநோயால் மாளும் ஆண்களிலே பாதிப்பேரின் சாவுக்குப் புகை காரணம்! விதி என்றனர், வினை என்றனர், பாழும் தலையெழுத்து என்றனர். ஏடு சொல்லிற்று, பீடி என்று!

1998 முதல் 2001 வரை, சென்னையிலே 35 வயதைத் தாண்டிய 5 லட்சம் பேரைக் கணக்கெடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். மெலிந்த உடம்புக்காரரிடையே காசநோய்ச் சாவு மிகுதி என்று 2018-இல் அறிவித்தனர். மெலிவு ஏன் என்று தொழிலாளிக்கு நாம் சொல்லவா வேண்டும்?

அந்தக் கணக்கிலே மேனாம்பேடு இல்லை. அன்று அது அம்பத்தூர் நகராட்சி. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்.

இத்தகைய ஆய்விலே, வாடகை வீடு மாறியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அப்போது கைகொடுப்பவை அரசாங்க ஏடுகளே. ஆனால் இணைப்பு எளிதா? ஓர் ஏட்டிலே 'மு. ஆறுமுகம்', மற்றொன்றிலே 'ஆறுமுகம் எம்.'. இங்கே பழைய கதவு எண், அங்கே புதிய எண். வயதோ குத்துமதிப்பு! பெயர், தந்தை பெயர், வயது, முகவரி அத்தனையும் ஒப்பிட்டே ஆளை உறுதி செய்யவேண்டும். சென்னைப் புற்றுநோயாளிகளை 1982 முதல் பதிவுசெய்துவரும் அடையாறு நிலையம், இறப்பேட்டோடு இப்படித்தான் ஒத்துப் பார்க்கிறது.

ஆபத்தும் உண்டு. இருமல் சேதி முதலாளியின் மேசைக்குப் போனால், மறுநாள் ஆலைக்கதவு திறக்குமா? ஆகவே தொழிலாளியின் இசைவைக் கேட்கவேண்டும். இணைத்து முடிந்ததும் பெயரை நீக்கி, எண்ணை மட்டுமே ஆராய்ச்சியாளரிடம் தரவேண்டும். பெயர்ப்பட்டியலின் சாவி டில்லிக்குப் போகக்கூடாது, சென்னையிலேயே இருக்கவேண்டும்.

ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு, இறப்பேடு மாநகராட்சியின் வசம். அம்பத்தூர் மண்டலத்திலே இவ்விரண்டையும் முதலில் இணைக்கட்டும். மேனாம்பேட்டுத் தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்!