செலவில்லாமல் அடையாளம் காக்கலாம்: தோட்டப்புற, பட்டண மாணவர்கள் இணையத்தில் கவனிக்க வேண்டியவை

கோலசிலாங்கூர் – எஸ்பிஎம் தேர்வு முடிந்து பகுதி நேர வேலை தேடும் மாணவருக்குப் புலனத்தில் ஒரு செய்தி வருகிறது. "அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டும்." சம்பளம் நன்றாக இருக்கிறது, இடம் இன்றைக்குள் நிரம்பிவிடும் என்கிறார்கள். படம் போய்விடுகிறது. வேலை மட்டும் வருவதில்லை.

இஜோக், ஜெரம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என எந்த வட்டாரத்து வீட்டிலும் இது நடக்கலாம். இணையத்தில் தன்னைக் காத்துக்கொள்ள விலையுயர்ந்த கைப்பேசியோ மாதக் கட்டணச் செயலிகளோ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கியமான பாதுகாப்புகள் எல்லாம் இலவசம். எதை, யாரிடம் கொடுக்கக்கூடாது என்ற தெளிவுதான் தேவை.

பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கலாம்

பெயரைப் போடவில்லை என்றால் யாருக்கும் தெரியாது என்பது தவறான எண்ணம். அமெரிக்க ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் தெரிந்தால் அமெரிக்கர்களில் சுமார் 87 விழுக்காட்டினரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்றார் அவர்.

நமது அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணிலேயே இவற்றில் இரண்டு இருக்கின்றன. முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நடுவில் உள்ள 2 இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் காட்டும்; 10 என்றால் சிலாங்கூர்.

தோட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். நூறு வீடுகள் உள்ள இடத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புனைபெயரில் கணக்கு வைத்திருக்கும் ஒரு மாணவி பள்ளிச் சீருடையோடு ஒரு படமும், பின்னால் கோயில் கோபுரம் தெரியும் இன்னொரு படமும் போட்டால் போதும், அவர் யார், எந்த வரிசையில் குடியிருக்கிறார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். படம் போடுவதற்கு முன் முகத்தை மட்டும் பார்க்காமல், பின்னால் தெரிவதையும் பார்க்க வேண்டும். கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வைப்பது நல்லது.

கசிந்த தகவல் திரும்புவதில்லை

2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 62 லட்சம், உரிமையாளர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண்களோடு கசிந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். கடவுச்சொல்லை மாற்றலாம், கைப்பேசி எண்ணையும் மாற்றலாம். அடையாள அட்டை எண் வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான்.

அதனால் முகம் தெரியாத யாருக்கும் அட்டையின் படத்தை அனுப்பக்கூடாது. வேலைக்கோ வாடகை அறைக்கோ நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நகலின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு, எந்தக் காரியத்துக்கு, எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த நகலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது அப்போது கடினமாகும்.

கைப்பேசி எண்ணும் அடையாளம்தான்

2006 முதல் முன்கட்டண சிம் அட்டைகளும் பெயரில் பதிவு செய்யப்படுகின்றன. பல வீடுகளில் பிள்ளை பயன்படுத்தும் எண் அப்பா பெயரில் இருக்கும். பிள்ளை செய்யும் தவறுக்கு முதலில் விசாரிக்கப்படுபவர் அப்பாதான் என்பதை வீட்டில் பேசி வைக்க வேண்டும்.

கைப்பேசியில் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, புலனத்தில் 6 இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை அமைப்பது. அது இருந்தால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை ஏமாற்றி வாங்கியவரால்கூடக் கணக்கை எளிதில் பறிக்க முடியாது. இரண்டு, டெலிகிராமில் கைப்பேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி அமைப்பது. மூன்று, எண்ணைக் கொடுக்காமல் பேச வேண்டிய இடங்களில் சிக்னல் செயலியைப் பயன்படுத்துவது. அதில் பதிவு செய்ய எண் தேவை. ஆனால் 2024 முதல் பயனர் பெயரை மட்டும் கொடுத்துப் பேசலாம்.

ஒரே கைப்பேசி, பொதுக் கணினி

அக்காவின் பழைய கைப்பேசி தம்பிக்கு வருவதும், பாடவேலைக்கு நாடி மையத்துக் கணினியை நாடுவதும் வழக்கம். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில் யுனிசெல் வளாக மாணவர்கள் அறையைப் பகிர்வது போலவே சில நேரம் மடிக்கணினியையும் பகிர்கிறார்கள். பொதுக் கணினியில் மறைநிலை உலாவியைத் திறந்து, முடிந்ததும் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும். மறைநிலை உலாவி அந்தக் கணினியில் தடத்தை விடாது, அவ்வளவுதான். இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து அது எதையும் மறைக்காது. பழைய கைப்பேசியை விற்கும் முன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, முழுமையாக அழித்துக் கொடுக்க வேண்டும்.

கடவுச்சொற்களை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு பிட்வார்டன் போன்ற செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இலவச விபிஎன் செயலிகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. முகநூல் நிறுவனம் 2013இல் வாங்கிய ஓனாவோ என்ற இலவச விபிஎன், தகவலைக் காக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அதே செயலி பயனர்களின் பழக்கங்களைத் திரட்டி நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத விபிஎன்னைப் பயன்படுத்துவதைவிட, எதுவும் இல்லாமல் இருப்பதே மேல்.

கணக்கை இரவல் கொடுக்காதீர்

"உன் வங்கி அட்டையை ஒரு மாதம் கொடு, பணம் தருகிறேன்" என்று நண்பரே கேட்டாலும் மறுக்க வேண்டும். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், போலீஸ் தேடி வருவது கணக்கின் உரிமையாளரை. 2024இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தில் இரவல் கணக்குகளுக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. வங்கி அனுப்பும் டேக் எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது.

மறைந்து பேசுவது யாருக்காக?

பெயரை மறைப்பது குற்றமல்ல. தொல்லைக்கு ஆளான பெண்ணுக்கும், தவறைத் தட்டிக் கேட்கப் பயப்படும் தொழிலாளியின் பிள்ளைக்கும் அது கேடயம். ஆனால் முறைகேட்டை அம்பலப்படுத்த நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010 தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், சம்பந்தப்பட்ட அமலாக்கத் துறையிடம் புகார் கொடுப்பவரின் அடையாளத்தைத்தான் காக்கிறது. டிக்டாக்கில் போடுபவரை அல்ல.

அதே மறைப்பு பிறரைக் குத்தும் ஆயுதமாகவும் மாறுகிறது. 2024 ஜூலையில் ஈஷா என்று அறியப்பட்ட டிக்டாக் பிரபலம் இணைய மிரட்டலுக்கு ஆளாகி, போலீஸில் புகார் கொடுத்த மறுநாளே உயிரிழந்தார். அந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்தது வெறும் 100 ரிங்கிட் அபராதம். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாளத் தகவலைப் பரப்புவதும் 2025 ஜூலை முதல் தனிக் குற்றம். போலிக் கணக்கில் எழுதினாலும், பதிவு செய்யப்பட்ட சிம் வழியாகப் போலீஸ் ஆளைத் தேடிப் பிடிக்க வழி உண்டு.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அட்டைப் படம் தவறான கைக்குப் போயிருந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். நாளை யாராவது அந்தப் பெயரில் கடன் வாங்கினால் அதுவே சாட்சி. சந்தேகமான கைப்பேசி எண், வங்கிக் கணக்கைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கலாம். மிரட்டலால் மனம் உடைந்தவர்கள் 15999 தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

ஏமாந்த பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில்தான் நாள் கடத்துகிறார்கள். அந்த ஒரு நாளுக்குள் பணம் பல கணக்குகள் மாறிப் போய்விடும். "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்று பெற்றோர் இன்றே சொல்லி வைத்தால், 997க்கான அழைப்பும் நேரத்தோடு போகும்.