எல்லா நிலையங்களுக்கும் ஓர் அழைப்பு



வானொலி என்றால் கேட்பதற்கு மட்டுந்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்டின் ஒரு மூலையில் சொந்தக் கருவி வைத்து, செய்தி அனுப்பி மகிழ்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக அமெரிக்காவில் பிறந்த ஒரு மாத இதழைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

1914-ஆம் ஆண்டு. ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம், ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனாலும் எட்டவில்லை. இடைவழி ஊரிலிருந்த இன்னொருவர் அதை வாங்கி அப்பால் அனுப்பினார். தீயணைக்கும்போது தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கொடுப்போமல்லவா, அதுபோல! வழிநெடுக ஆட்கள் இருந்தால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று நினைத்தவர், கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரோடு ஒரு சங்கம் கண்டார். 1915 டிசம்பரில், இருவருடைய கைப்பணத்தில், 'கியூ.எஸ்.டி.' இதழ் வெளிவந்தது. தந்திக் குறியீட்டில் அதற்கு 'எல்லா நிலையங்களுக்கும் பொது அழைப்பு' என்று பொருள்.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியது. நிலையங்களை மூடும்படி அரசாங்கம் ஆணையிட்டது. இளைஞர்கள் படைக்குப் போனார்கள். செப்டம்பரோடு இதழும் நின்றது. போர் ஓய்ந்த பிறகும் வானொலி முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளக் கடற்படை விரும்பியது. அதற்கான மசோதாவும் வந்தது. சங்கம் உறுப்பினர் வீடுகளுக்கெல்லாம் எழுதி, எதிர்ப்புத் தெரிவிக்கச் சொன்னது. பிள்ளைகள் படையில் இருந்ததால், பெற்றோரே மக்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். மசோதா தோற்றது.

அப்போது சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருந்தது வெறும் 33 டாலர். பழைய உறுப்பினர்களிடமே கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, டஸ்காவிடமிருந்து இதழை வாங்கி, 1919 ஜூனில் மீண்டும் நடத்தினார்கள்.

சட்டம் இவர்களுக்கு ஒதுக்கியது 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளுந்தான். உதவாக்கரை அலை என்று பெரியவர்கள் தள்ளியது அது! 1921 டிசம்பரில் இவர்கள் அனுப்பிய ஒலி, அட்லாண்டிக் கடல் தாண்டி ஸ்காட்லாந்தில் ஒரு கூடாரத்தில் கேட்டது. 1923 நவம்பரில் பிரான்சோடு இருவழித் தொடர்பே கிடைத்தது. பிற்காலத்தில் தூர தேசத்து ஒலிபரப்புகளை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த சிற்றலை இதுதான்.

இன்னொன்று. அவ்விதழில் 'கிழவர்' என்ற புனைபெயரில் ஒருவர், அலையில் ஒழுங்கின்றி நடப்போரை வெளுத்து வாங்குவார். யாரென்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1936-இல் மாக்சிம் காலமான பிறகே, அந்தக் கிழவர் அவர்தான் என்பது தெரிந்தது.