பேரெடைப் பீரங்கி: விளையாட்டுத் திரையிலும் மெய்யுலகிலும்

முன்னுரை

கணிப்பொறியிலும் கைபேசியிலும் போர் விளையாட்டு ஆடாத மாணவர் இன்று அரியர். அவ்விளையாட்டுகளுள் டாங்கிப் போர் விளையாட்டு தனிச்சிறப்புடையது. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தோன்றிய ஒரு நிறுவனம் 2010ஆம் ஆண்டு உருசியாவில் முதன்முதலாக வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' என்னும் விளையாட்டு இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. இரு அணியினர் தத்தம் டாங்கிகளைச் செலுத்தி, எதிரியின் டாங்கிகளைப் பீரங்கியால் அடித்து வீழ்த்துவதே இதன் ஆட்டமுறை. பேரெடை டாங்கியில் பொருத்தப்பெற்ற பெரும் பீரங்கியை அடைவதே ஆடுவோர் பலரின் வேட்கையாக உள்ளது.

பெற்றோர் இதனைக் காலக்கேடு என்பர். மாணவரோ, இதனால் வரலாறும் அறிவியலும் கற்கின்றோம் என்பர். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. அப்பீரங்கி மெய்யுலகில் எவ்வாறு இயங்குகிறது, விளையாட்டு அதனை எந்த அளவிற்குச் சரியாகக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பீரங்கி முற்றுகைக்குப்பின் ஒருமுறை தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரி நகரில் வாழும் நமக்கு, இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று.

சொல்லும் பொருளும்

கோட்டைப் போர் தமிழருக்குப் புதிதன்று. மதிலை வளைத்தலை உழிஞை என்றும், மதிலைக் காத்தலை நொச்சி என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். மதுரை மதிலின்மேல் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிக் கூறுகிறது. ஆயினும் அவையெல்லாம் வெடிமருந்தின்றி இயங்கியவை. வெடிமருந்தின் ஆற்றலால் குண்டெறியும் கருவி பிற்காலத்தில் வந்தது. வரும்போதே தன் பெயரையும் கொண்டு வந்தது. ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் பாரசீகச் சொல்வழக்கே நம் நாவில் பறங்கி என்றும் பீரங்கி என்றும் திரிந்தது என்பர். பறங்கிக்காயும் பரங்கிப்பேட்டையும் இச்சொல்லின் உறவினரே. துப்பாக்கி என்பது துருக்கிச் சொல்லின் வழி வந்தது. குண்டு, வெடிமருந்து ஆகியவை நம்முடைய சொற்கள். எனவே ஒரு பீரங்கியைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதினாலும் அதில் பல நாட்டு வரலாறு கலந்து நிற்கும்.

டாங்கி தோன்றிய வரலாறு

பீரங்கி பழையது, டாங்கி புதியது. முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் போர்க்களத்தில் ஆங்கிலேயர் முதன்முதலாக டாங்கிகளை இறக்கினர். அவற்றுள் பீரங்கி தாங்கியவற்றின் பக்கவாட்டில் 57 மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிகள் இருந்தன. வண்டி திரும்பினால்தான் பீரங்கியும் பெருமளவு திரும்பும் என்னும் குறை அவற்றில் இருந்தது.

அக்குறையைப் போக்கியோர் பிரெஞ்சுக்காரர். 1917ஆம் ஆண்டு ரெனோ நிறுவனம் உருவாக்கிய சிறிய டாங்கியில், முழு வட்டமாகச் சுழலும் கோபுரத்தின்மேல் 37 மில்லிமீட்டர் பீரங்கி வைக்கப்பட்டது. இன்று உலகில் ஓடும் டாங்கிகளில் பெரும்பாலானவை இவ்வமைப்பின் வழி வந்தவையே. அதற்கு முன்னரே, 1897ஆம் ஆண்டின் 75 மில்லிமீட்டர் பீரங்கியில் எண்ணெயும் காற்றும் கொண்ட பின்னுதைப்புத் தாங்கியைப் பிரெஞ்சுப் பொறியாளர் பொருத்தியிருந்தனர். அதற்கு முந்தைய பீரங்கிகள் ஒவ்வொரு முறை சுட்டபின்பும் பின்னோக்கி உருண்டு ஓடும். அவற்றை மீண்டும் இழுத்து நிறுத்திக் குறிபார்க்க வேண்டும். பின்னுதைப்பைக் குழாய் மட்டும் ஏற்றுப் பின்சென்று தானே முன்வரும் ஏற்பாடு இல்லாவிடில், டாங்கியின் குறுகிய கோபுரத்திற்குள் பெரும் பீரங்கியை வைத்தல் இயலாது.

எடை கூடினால் என்ன நேரும்?

விளையாட்டில் ஒரு விதி உண்டு. பீரங்கி பெரிதானால் அடியின் வன்மை கூடும். ஆனால் மறுகுண்டு ஏற்றும் நேரமும் கூடும். குறிவட்டம் மெல்லவே சுருங்கும். இது விளையாட்டு அமைத்தோர் மனம்போன போக்கில் வகுத்த விதி அன்று. இரண்டாம் உலகப் போரில் உருசியர் பயன்படுத்திய ஐ.எஸ்.-2 என்னும் பேரெடை டாங்கி இதற்குத் தக்க சான்று. அதன் பீரங்கி 122 மில்லிமீட்டர். குண்டின் எடை மட்டும் ஏறத்தாழ 25 கிலோ. குண்டும் மருந்துக் குப்பியும் ஒன்றாக இருந்தால் ஒருவரால் தூக்கவியலாது என்பதால் இரண்டும் தனித்தனியாக ஏற்றப்பட்டன. ஆகவே ஒரு நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறைக்குமேல் சுடுதல் அரிதாயிற்று. வண்டியில் 28 குண்டுகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. பெரிய பீரங்கி வேண்டுவோர் வேகத்தையும் எண்ணிக்கையையும் இழக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

குண்டின் ஆற்றலும் கவசத்தின் சாய்வும்

கவசத்தைத் துளைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று வேகத்தால் துளைத்தல்; மற்றொன்று வேதியியல் ஆற்றலால் துளைத்தல்.

முதல் வழியை ஒரு கணக்கால் விளக்குவோம். இயங்கும் பொருளின் ஆற்றல், அதன் நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் கிடைக்கும். நிறை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். இக்காலப் பீரங்கியிலிருந்து, நான்கு கிலோ நிறையுள்ள ஓர் உலோக அம்பு நொடிக்கு 1,600 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அதன் ஆற்றல், பத்து டன் எடையுள்ள ஒரு பேருந்து மணிக்கு 115 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்கு ஒப்பாகும். அவ்வளவு ஆற்றலும் சில செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு முனையில் குவிகிறது. நம் கடற்கரைச் சாலையின் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்தை அவ்வம்பு ஒரு நொடிக்குள் கடந்துவிடும். பார்ப்போர் செவியில் ஓசை விழுமுன் அது இலக்கைச் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் வழியில் வேகம் தேவையில்லை. குண்டின் முன்பகுதியில் கூம்பு வடிவில் குடைந்த வெடிமருந்தும் செப்புத் தகடும் இருக்கும். வெடித்தவுடன் அத்தகடு மெல்லிய தாரையாகப் பீறிட்டுக் கவசத்தைத் துளைக்கும். தொலைவு மிகுந்தாலும் இதன் ஆற்றல் குறையாது.

இனிக் கவசத்தின் சாய்வைக் காண்போம். நூறு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டை நேராக நிறுத்தினால், நேர்கிடையாக வரும் குண்டு நூறு மில்லிமீட்டர் இரும்பையே கடக்க வேண்டும். அதே தகட்டைச் செங்குத்திலிருந்து அறுபது பாகை சாய்த்தால் இருநூறு மில்லிமீட்டர் இரும்பைக் கடக்க வேண்டும். டாங்கி விளையாட்டில் தேர்ந்த சிறுவன் தன் வண்டியைச் சற்றே திருப்பி நிறுத்துவது இதனாலேயாம். கரும்பலகையில் முக்கோணவியல் கண்டு அஞ்சும் மாணவன் திரையில் அதனையே பயன்படுத்தி வெல்கிறான். ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்தில் கொள்வது நன்று.

நம் நாட்டுப் பீரங்கிகள்

பேரெடைப் பீரங்கியைக் காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னையை அடுத்த ஆவடியில் 1961ஆம் ஆண்டு கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கு 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கி 105 மில்லிமீட்டர் பீரங்கி தாங்கியது. அதே ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையத்தார் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. 2004இல் அது படையில் சேர்ந்தது. எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் சென்றன. அதன் மேம்பட்ட வடிவத்தின் எடை ஏறத்தாழ 68 டன்; அவ்வகையில் 118 டாங்கிகளுக்கு 2021இல் ஆணை வழங்கப்பட்டது.

அர்ஜுனின் பீரங்கி 120 மில்லிமீட்டர். அதன் குழாயின் உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்டவை. அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தும். பிற நாட்டு டாங்கிகள் பலவற்றில் குழாய் வழவழப்பானது. அவற்றின் அம்புகளை வாலில் உள்ள சிறகுகள் நேர்ப்படுத்தும். ஆவடியிலேயே உருவாகும் டி-90 டாங்கியின் 125 மில்லிமீட்டர் பீரங்கி இத்தகையது. டி-90இல் பொறியே குண்டேற்றும். எனவே வீரர் மூவர் போதும். அர்ஜுனில் குண்டேற்றுவதற்கென ஒரு வீரர் உளர், ஆக நால்வர். நம் வெயிலில் குழாயின் ஒருபக்கம் மிகச் சூடேறினால் குழாய் மயிரிழை அளவு வளையும். அவ்வளைவு ஈராயிரம் மீட்டர் தொலைவில் குறியைத் தவறச் செய்யும். ஆகவே குழாயின்மேல் வெப்பத்தைப் பரவலாக்கும் உறை போர்த்தப்படுகிறது. இத்தகைய நுட்பங்களுக்கு விளையாட்டில் இடமில்லை.

பெரிய பீரங்கியே வெல்லுமா?

வெல்லாது என்பதற்கு நம் படை வரலாறே சான்று. பிரெஞ்சு நாட்டு ஏ.எம்.எக்ஸ்.-13 என்னும் டாங்கி பதினைந்து டன் அளவே எடையுள்ளது. பீரங்கியும் 75 மில்லிமீட்டரே. கோபுரத்தின் பின்னே ஆறு ஆறாகப் பன்னிரண்டு குண்டுகள் இரு உருளைகளில் இருக்கும். அவை தீர்ந்தால் வெளியே இறங்கித்தான் நிரப்ப வேண்டும். ஆயினும் 1962இல் லடாக்கின் சுஷூல் பகுதிக்கு வானூர்தியில் ஏற்றிச் செல்ல முடிந்தது இந்த எளிய டாங்கியைத்தான். அன்று பேரெடை டாங்கியால் அவ்வுயரத்தை எட்டியிருக்க இயலாது.

1965ஆம் ஆண்டுப் போரில் பஞ்சாபின் அசல் உத்தர் பகுதிக்குப் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் 90 மில்லிமீட்டர் பீரங்கிகளுடன் வந்தன. நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சினர். சேற்றில் எடையே டாங்கிகளுக்குப் பகையாயிற்று. கரும்பு வயல்கள் நம்மவர்க்கு மறைவிடமாயின. அங்குதான் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்து வீரர் அப்துல் ஹமீது, கவசமே இல்லாத ஒரு ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியைக் கொண்டு பாட்டன் டாங்கிகள் பலவற்றை அழித்தார். செப்டம்பர் 10ஆம் நாள் அவரும் வீழ்ந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. விளையாட்டில் ஜீப்பைப் பேரெடை டாங்கியின்முன் நிறுத்துவோர் இலர். நிலமும் நெஞ்சுறுதியும் எண்ணாக மாறித் திரையில் தோன்றுவதில்லை.

விளையாட்டு மறைப்பது

விளையாட்டில் ஒவ்வொரு டாங்கிக்கும் உயிர்ப்புள்ளிகள் உள்ளன. அடிதோறும் அவை குறையும். சுழியானால் வண்டி அழியும். மெய்யுலகில் அத்தகைய கணக்கேடு இல்லை. பத்து அடி பட்டும் ஓடும் வண்டி உண்டு. ஒரே துளையில் உள்ளிருந்தோர் அனைவரும் மாள்வதும் உண்டு. விளையாட்டில் காயமுற்ற வீரன் மருந்துப் பெட்டியால் உடனே எழுவான்; அடுத்த ஆட்டத்திற்கு நலமுடன் வருவான். எரிந்த வண்டி விளையாட்டுக் காசால் புதுப்பிக்கப்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, விளையாட்டுத் திரையில் வீடுகள் உண்டு. வீட்டில் மக்கள் இல்லை.

இவ்விடத்தில் நம் புதுச்சேரியை நினைத்தல் வேண்டும். 1760ஆம் ஆண்டு அயர் கூட்டின் ஆங்கிலப் படை இந்நகரை முற்றுகையிட்டது. பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளே இருந்தார். உணவு குறையவே, நவம்பர் இறுதியில் நகரிலிருந்த நம் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக வந்தவர்களை ஆங்கிலப் படை வழிவிடாது தடுத்தது. திரும்பிச் சென்றால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. இரு படைகளின் பீரங்கிகளுக்கும் இடையே புல்லையும் வேரையும் தின்று பல நாள் கிடந்த பின்னரே அவர்களுக்கு வழிவிடப்பட்டது. 1761 ஜனவரியில் நகரம் பணிந்தது. கோட்டையும் மதிலும் மாளிகைகளும் இடித்துத் தகர்க்கப்பட்டன. கால் நூற்றாண்டு காலம் இந்நகரின் நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாக எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னரே அதே ஜனவரியில் காலமானார். நகரைச் சுற்றியோடும் இன்றைய புல்வார் சாலைகள், பழைய மதில் நின்ற தடத்தையே நமக்குக் காட்டுகின்றன.

முடிவுரை

விளையாட்டை முற்றிலும் விலக்குக என்பது நம் கருத்தன்று. முக்கோணவியலும் இயற்பியலும் வரலாறும் அதன்வழி மாணவர் உள்ளத்தில் பதியுமாயின் அது நன்றே. ஆனால் அறிவு திரையோடு நின்றுவிடலாகாது. இவ்வம்பு ஏன் இத்தனை வேகத்தில் பாய்கிறது என்று வினவும் மாணவன் நாளை ஆவடி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றக் கூடும். இக்குண்டு விழும் இடத்தில் யார் இருந்தனர் என்று வினவும் மாணவன் நல்ல குடிமகன் ஆவான். இரண்டு வினாக்களையும் ஒருங்கே கேட்கக் கற்பிப்பதே ஆசிரியர் கடனும் பெரியோர் கடனும் ஆகும்.

மாணவச் செல்வங்கள் ஒரு மாலைப்பொழுது கைபேசியை அணைத்துவிட்டுப் புல்வார் சாலைகளை ஒருமுறை சுற்றி வருக. அதன்பின் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நூலகத்தில் எடுத்துப் படித்துப் பார்க்க. பீரங்கியைப் பற்றி விளையாட்டு சொல்லாத செய்திகள் அங்கே நிரம்ப உள்ளன.