மூச்சு நிற்கும்போது மூளைக்கு என்ன ஆகிறது?

குறட்டைச் சத்தம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அடங்குகிறது. மார்பும் வயிறும் ஏறி இறங்குகின்றன. மூக்கிலோ காற்றோட்டமே இல்லை. பத்து, இருபது, முப்பது விநாடிகள் கழிகின்றன. விரலில் மாட்டிய கருவியில் ரத்த ஆக்சிஜன் அளவு 96-லிருந்து 85-க்கு இறங்குகிறது. பிறகு பெரும் திணறலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவர் கண்ணைத் திறக்கவில்லை. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கியதாகவே சொல்வார். ஆனால், தலையில் ஒட்டிய மின்முனைகள் அந்த நொடியில் மூளை விழித்துக்கொண்டதைப் பதிவு செய்திருக்கும்.

‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் தூக்க மூச்சடைப்பு நோயில் இரவெல்லாம் நடப்பது இதுதான். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைத்துக்கொள்கின்றன. மணிக்கு 5 முறைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் கவனிக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் நோய் தீவிரம். எட்டு மணி நேரத் தூக்கத்தில் அது 240 முறைக்கும் மேல்! உலகில் 30 முதல் 69 வயது வரையிலானவர்களில் சுமார் 94 கோடிப் பேருக்கு இந்தத் தொல்லை இருப்பதாக 2019-இல் ‘லான்செட்’ குழும இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது.

பகலில் தூங்கி வழிவது, காரோட்டும்போது கண் சொக்குவது, பேச்சின் நடுவே சொல்ல வந்தது மறந்துபோவது ஆகியவற்றை வெறும் தூக்கக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆக்சிஜன் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் உடலில் தீங்கான வேதிப்பொருள்கள் உருவாகி அழற்சியைத் தூண்டுகின்றன; ரத்த அழுத்தமும் எகிறுகிறது. கூடவே, நினைவுகளைப் பதிய வைக்கும் ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிறது. அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இந்த அடி மூளையின் இயக்கத்தில் எப்படித் தெரிகிறது? அதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரைக்கில் 2001-இல் விளக்கிய ஒரு விநோதம் உதவும். நாம் எந்த வேலையிலும் ஈடுபடாமல் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் மும்முரமாக இயங்குகின்றன. கவனம் தேவைப்படும் வேலை வந்ததும் அவை அடங்கிவிடுகின்றன. ‘டிஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்ற இந்த வலையமைப்புக்கு, பழைய நினைவுகளை அசைபோடுவதிலும் தன்னைப் பற்றிச் சிந்திப்பதிலும் பங்குண்டு. மூச்சடைப்பு நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில், இதன் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையிலான ஒத்திசைவு தளர்ந்திருப்பது தெரிகிறது. வேலை வந்த பிறகும் இது போதிய அளவு அடங்காமல் போவதுண்டு. பின்னணி இரைச்சல் ஓயாத மூளையில் கவனம் எப்படிக் குவியும்?

வடிவத்திலும் மாற்றம் தெரிகிறது. நினைவாற்றலோடு தொடர்புள்ள ‘மாமில்லரி’ முண்டுகள் மூளையின் அடிப்பகுதியில் பட்டாணியளவில் இருக்கும். இந்த நோயாளிகளிடம் அவை ஏறத்தாழ 20 சதவிகிதம் சிறுத்திருப்பதாக 2008-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. சராசரி வயது 82 கொண்ட 298 பெண்களைத் தொடர்ந்து கவனித்த கிறிஸ்டின் யாஃப் குழுவின் 2011 ஆய்வு இன்னும் கவலை தருவது. தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தவர்களில் 44.8 சதவிகிதத்தினருக்கு அறிவாற்றல் குறைபாடோ மறதிநோயோ வந்தது, இல்லாதவர்களில் 31.1 சதவிகிதம்.

ஒருகாலத்தில் நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாக இருந்தது. சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன், 1980-இல் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்றை ஊதும்படி மாற்றி, அந்தக் காற்றைக் குழாய் வழியே நோயாளியின் மூக்குக்குள் செலுத்தினார். காற்றின் அழுத்தத்தில் தொண்டை மூடாமல் நின்றது. நோயாளி இரவு முழுக்கத் தூங்கினார். இன்று ‘சிபாப்’ என்று உலகமெங்கும் புழங்கும் கருவியின் தொடக்கம் அதுதான்.

சேதம் மீளுமா? இத்தாலியின் மிலான் நகரில் நிக்கோலா கனெஸ்ஸா குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, நம்பிக்கைக்கு இடமளிக்கிறது. சிகிச்சை பெறாத 17 நோயாளிகளிடம் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ், மூளையின் முன்மடல் ஆகியவற்றில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. மூன்று மாதம் சிபாப் பயன்படுத்தியதும் அதன் அளவு கூடியது. நினைவுத் தேர்வுகளிலும் முன்னேற்றம். மூளைப் பகுதிகளை இணைக்கும் வெண்ணிற இழைகள் சீராக ஏறக்குறைய ஓராண்டு பிடித்ததாக 2014-இல் வெளிவந்த தொடர் ஆய்வு சொன்னது. இவை சிறிய ஆய்வுகள்தாம். ஆனாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள்.

மறதி, எரிச்சல், மனச்சோர்வு என்று மருத்துவரிடம் போகிறவர்கள் குறட்டையைச் சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் படுப்பவர் உடன் போவது நல்லது. மூச்சு நின்று திணறுவதைப் பார்த்தவர் அவர்தான். தூக்கப் பரிசோதனையை இப்போது மருத்துவமனையில் மட்டுமல்ல, சிறு கருவிகளைப் பொருத்திக்கொண்டு வீட்டிலேயே செய்யவும் வழியிருக்கிறது.