அணையும் அங்குல மீனும்

உங்கள் சுட்டுவிரலை ஒரு முறை நீட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நீளம்தான் இருக்கும் அந்த மீன். பழுப்பு நிறம், முதுகின் குறுக்கே நான்கு கரும்பட்டைகள். குழம்புக்குக்கூட ஆகாது என்று நம் வீட்டுப் பெண்மணிகள் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால், அமெரிக்காவில் ஒரு பெரிய அணையையே சில ஆண்டுகள் கையைக் கட்டி நிற்க வைத்தது இந்தப் பொடி மீன்!

டென்னஸி ராஜ்யத்தில் லிட்டில் டென்னஸி என்று ஓர் ஆறு. அதன் முகத்துவாரத்தில் டெல்லிகோ அணையைக் கட்டும் வேலையை 1967-இல் சர்க்கார் ஸ்தாபனமான டி.வி.ஏ. தொடங்கியது. பணம் ஒதுக்கியாயிற்று, முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் நிலம் கைமாறியாயிற்று, சுவரும் எழுந்துவிட்டது. ஆற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் பாக்கி.

1973 ஆகஸ்ட் 12. டென்னஸி சர்வகலாசாலைப் பேராசிரியர் டேவிட் எட்னியர், முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காய்ட்டி ஊற்றருகே ஆற்றில் மூழ்கினார். மீன்களைத் தேடி அலைவதே அவர் தொழில். கூழாங்கற்களுக்கு நடுவே, இதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒரு மீன்! நத்தைகளைத் தின்று வாழ்வதால் அதற்கு 'ஸ்நெயில் டார்ட்டர்' என்று பெயர் வந்தது.

அணை வந்தால் மீனுக்கு என்ன? தண்ணீர்தான் நிறைய இருக்குமே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். ஓடுகிற தெளிந்த நீரும் சுத்தமான கூழாங்கல்லும் இருந்தால்தான் இது முட்டையிடும். அணை கட்டினால் ஓட்டம் நின்றுவிடும். வண்டல் படிந்து கற்களை மூடிவிடும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் பிள்ளை பெற இடம் இராது.

அதே ஆண்டு டிசம்பரில், அழியும் நிலையிலுள்ள உயிர்களைக் காக்க அமெரிக்காவில் புதுச் சட்டம் பிறந்தது. ஹாங்க் ஹில் என்ற சட்டக் கல்லூரி மாணவர், இந்த மீனைப் பற்றிக் கட்டுரை எழுதலாமா என்று தம் பேராசிரியர் பிளேட்டரைக் கேட்டார். கட்டுரை வழக்காயிற்று, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1978 ஜூன் 15-இல், ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் மீனின் பக்கம் நின்றார்கள். ஏறக்குறைய முடிந்துவிட்ட அணை அப்படியே நின்றது.

ஊரெல்லாம் சிரித்தது. ஒரு மீனுக்காகக் கோடிக்கணக்கான டாலர்களைத் தண்ணீரில் போடுவதா? இதைத் தீர்க்க ஒரு மந்திராலோசனைக் குழு அமைந்தது. ஓர் உயிரினம் வாழ்வதா சாவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் பெற்றதால், ஜனங்கள் அதற்குக் 'கடவுள் குழு' என்றே பெயர் வைத்தார்கள். 1979 ஜனவரியில் அந்தக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. வந்த விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. மிச்ச வேலைக்கு ஆகும் செலவுக்குக்கூட அணையின் வரும்படி ஈடாகாது! அந்த அணையில் மின்சார யந்திரமே கிடையாது. கால்வாய் வழியாகப் பக்கத்து அணையின் யந்திரங்களுக்குத் தண்ணீரைத் திருப்புவதுதான் அதன் வேலை.

ஆனாலும் அணையே வென்றது. செலவு மசோதா ஒன்றில் டெல்லிகோவுக்கு விதிவிலக்கு நுழைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 29-இல் மதகுகள் மூடப்பட்டன. விளைநிலங்கள் மூழ்கின. செரோக்கி மக்களின் பழைய ஊரான தனாஸியும் மூழ்கியது. ராஜ்யத்துக்கே பெயர் தந்த ஊர் அது. எட்னியர் தம் மீனுக்கு வைத்த சாஸ்திரப் பெயரிலும் 'தனாஸி' இருக்கிறது.

மீன் என்ன ஆயிற்று? முன்யோசனையாக நூற்றுக்கணக்கில் பிடித்து ஹிவாஸீ ஆற்றில் விட்டிருந்தார்கள். அங்கே பிழைத்துக்கொண்டது. 1980-இல் வேறோர் ஓடையிலும் தென்பட்டது. 2022-இல் அபாயப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2025-இல் யேல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், இது தனி இனமே அல்ல, வேறு ராஜ்யங்களில் வாழும் ஒரு மீனின் கிளைதான் என்று எழுதினார்கள். ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் அத்தனை சண்டையும் வீணா? இல்லை. பெண் பார்க்கிற சடங்கைத் தாலி கட்டிய பிறகா நடத்துவது? எட்னியர் 1973-இல் ஆற்றுக்குள் பார்த்ததை, முதல் கல் நடுவதற்கு முன்பே யாராவது பார்த்திருந்தால், சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள அவகாசம் இருந்திருக்கும். வரவு செலவுக் கணக்கையும் நிலம் கைமாறுமுன்பே போட்டிருக்கலாம். மீனுக்காவது வேறோர் ஆறு கிடைத்தது. அந்த முந்நூறு குடும்பங்களின் வயல்களில் பல தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கின்றன.