நிமிர்வரை எறியம்

படுத்திருக்கும் உருளையொன்றை முன்னின்று நோக்கின் நீள்சதுரம் தோன்றும்; மேனின்று நோக்கினும் அதுவே. இவ்விரு படங்களை மாத்திரம் பெற்ற தச்சன் சதுரக்கட்டையைச் செதுக்கித் தந்தால் பிழை அவனதன்று. வட்டத்தைக் காட்டுவது பக்கநிலைப்படமே. முன்னிலைப்படம், கிடைப்படம், பக்கநிலைப்படம் என நிமிர்வரை எறியத்திற் பல படம் வேண்டப்படுவது இதுபற்றியே. பார்வைக் கோடுகள் படத்தளத்துக்குச் செங்குத்தாய் வீழ்தலின், தூரத்துப் பகுதியும் அளவிற் குறுகாது.

இம்முறையை ஒழுங்குபடுத்தியவர் பிரான்சு நாட்டுக் கஸ்பார் மோஞ்சு. அரண்கட்டும் கணக்கொன்றை அவர் இதனால் விரைந்து முடித்தபோது மேலதிகாரி நம்ப மறுத்தாராம்! பின்னர் அது படை இரகசியமாய்க் காக்கப்பட்டு, 1795இலேயே பாரிசில் வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது.

படத்துக்கும் இலக்கணம் உண்டென்பதனாலேயே தமிழாசிரியனாகிய யான் இதனுட் புகுந்தேன். முதற்கோண முறையிற் கிடைப்படம் முன்னிலைப்படத்தின் கீழும், மூன்றாங்கோண முறையில் மேலும் அமையும்; பக்கநிலைப்படமும் இடம்மாறும். முறை இன்னதெனக் குறியாது விட்டால், வலப்பக்கத்துத் துளை இடப்பக்கத்திலே துளைக்கப்படவுங்கூடும்.