“சர்க்கரை வேண்டாம்!” என்ற பெண்கள்

1791-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ஒரு புதுமை நடந்தது.

வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஆனால், அதில் சர்க்கரை இல்லை! மளிகைக் கடைக்குப் போன பெண்கள் மற்ற சாமான்களை எல்லாம் வாங்கினார்கள். சர்க்கரையை மட்டும் தொடவில்லை.

பஞ்சமா? இல்லை. கடையில் சர்க்கரை இருந்தது. கையில் காசும் இருந்தது. அந்தச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அதனால்தான் வேண்டாம் என்றார்கள்.

கரும்பு ஆலையில் ஒரு கோடரி

அப்பொழுது இங்கிலாந்துக்குச் சர்க்கரை வந்தது, ஜமைக்கா, பார்படாஸ் போன்ற மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஆடுமாடு போல விலைக்கு வாங்கப்பட்டவர்கள்.

ஐரோப்பிய வியாபாரிகள் ஆப்பிரிக்காவில் இருந்து கப்பல் ஏற்றிய மனிதர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். மூன்றரை நூற்றாண்டுகளில் நடந்த கொடுமை இது. இவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை சேரவே இல்லை. சங்கிலியோடு கப்பலிலேயே செத்தார்கள்.

கரை சேர்ந்தவர்கள் கதி என்ன? வெட்டிய கரும்பை உடனே பிழிய வேண்டும். தாமதித்தால் சாறு புளித்துவிடும். ஆகவே, அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பைச் செருகும் அடிமையின் விரல் உருளைகளுக்கு நடுவே சிக்கிக் கொள்ளும். விரலோடு கையும் உள்ளே போகும். அதற்காக ஆலையில் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். உருளையை நிறுத்த அல்ல. கையை வெட்டி எடுக்க!

புத்தகம் போட்ட கணக்கு

அடிமை வியாபாரத்தைத் தடுக்க வேண்டும் என்று வில்பர்போர்ஸ் என்பவர் பார்லிமெண்டில் வாதாடினார். 1791 ஏப்ரலில் ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 88. எதிர்ப்பு 163. தோற்றுப் போனார்.

பார்லிமெண்டு கைவிட்டால் என்ன? ஜனங்கள் இருக்கிறார்களே!

லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாக்ஸ் என்பவர் சிறு புத்தகம் ஒன்று எழுதினார். மார்த்தா கர்னி என்ற பெண்மணி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். புத்தகம் 25 பதிப்புக்குக் குறையாமல் போயிற்று.

அதில் ஒரு கணக்கு இருந்தது. வாரத்துக்கு 5 ராத்தல் சர்க்கரை (இன்றைய எடையில் இரண்டேகால் கிலோ) வாங்கும் குடும்பம், அதை 21 மாதம் நிறுத்தினால், ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்பதே கணக்கு. கணக்கு சரியா என்று இன்று கேட்டால், அது ஓர் உத்தேசக் கணக்குதான். ஆனால், எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் கொடுமைக்கும் தன் வீட்டுச் சர்க்கரை ஜாடிக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒரு குடும்பத்தலைவிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அக்காலத்தில் இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. பார்லிமெண்டில் பேச முடியாது. ஆனால், அடுப்படி அவர்கள் கையில்! எதை வாங்குவது, எதை விடுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டார்கள் என்று, ஊர் ஊராகச் சுற்றிய கிளார்க்சன் என்ற தொண்டர் மதிப்பிட்டார்.

இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. 1792-ல் கில்ரே என்ற ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அரசர் மூன்றாம் ஜார்ஜ் சர்க்கரை இல்லாத தேநீரை ரசித்துக் குடிக்கிறார். பக்கத்தில் இளவரசிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அரசியோ, “குடியுங்கள், அப்பாவுக்குச் செலவு மிச்சம்” என்ற தோரணையில் மகள்களைத் தூண்டுகிறார்!

பெரிய மனிதர்களை எதிர்த்த எலிசபெத்

1807-ல் அடிமைகளைக் கப்பலில் ஏற்றி விற்பதை இங்கிலாந்து தடை செய்தது. ஆனால், ஏற்கனவே தோட்டங்களில் இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். மெல்ல மெல்ல விடுதலை தரலாம் என்றார்கள் பெரிய மனிதர்கள்.

“மெல்ல மெல்ல என்ன? இப்பொழுதே விடு!” என்று கேட்டவர் ஒரு பெண். லெஸ்டர் நகரைச் சேர்ந்த எலிசபெத் ஹெய்ரிக். கணவனை இழந்தவர். பள்ளி ஆசிரியை. 1824-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. வீடு வீடாகச் சென்றார். மளிகைக் கடைக்காரர்களிடம், அடிமைச் சர்க்கரையை விற்காதீர்கள் என்று வாதாடினார்.

பெண்கள் இப்படித் தெருவில் இறங்குவது அழகல்ல என்று கருதினார் வில்பர்போர்ஸ். அடிமைகளுக்கு இரங்கிய நல்லவருக்கே அப்படி ஒரு எண்ணம்!

பெண்கள் கேட்கவில்லை. 1830-ல் பர்மிங்காம் பெண்கள் சங்கம், “மெல்ல மெல்ல என்ற பேச்சை விடாவிட்டால் எங்கள் 50 பவுண்டு நன்கொடை இல்லை” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தலைமைச் சங்கம் வழிக்கு வந்தது. 1833-ல் 1 லட்சத்து 87 ஆயிரம் பெண்கள் கையெழுத்திட்ட மனு பார்லிமெண்டுக்குப் போயிற்று. அந்த ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதைப் பார்க்க எலிசபெத் உயிரோடு இல்லை. 1831-லேயே இறந்துவிட்டார்.

சர்க்கரையை விட்டதால் மட்டுமா சட்டம் வந்தது? அப்படிச் சொன்னால் அது அடிமைகளுக்குச் செய்யும் அநியாயம். 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் பல்லாயிரம் அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். தலைவர் சாம் ஷார்ப் தூக்கில் தொங்கினார். லண்டனை நடுங்க வைத்தது அந்த எழுச்சி.

சட்டப்படி நஷ்ட ஈடு 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு!

இந்தியச் சர்க்கரை

இடையில் வியாபாரிகளுக்கும் ஒரு யோசனை தோன்றியது. “மேற்கிந்தியச் சர்க்கரைக்குப் பதில் கிழக்கிந்தியச் சர்க்கரை வாங்குங்கள், இது அடிமைகள் செய்தது அல்ல” என்ற பொருளில் எழுதிய பீங்கான் ஜாடிகள் விற்பனைக்கு வந்தன. கிழக்கிந்தியச் சர்க்கரை என்றால் வங்காளச் சர்க்கரை. ஆனால், இந்தியாவிலும் அடிமைகள் இருந்தார்கள். இங்கே அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது 1843-ல்தான்!

விடுதலைக்குப் பின் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். மொரீஷியஸ் போனவர்களில் தமிழர்கள் உண்டு. 1860-ல் சென்னையில் இருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்குப் போனவர்களும் கரும்பு வெட்டத்தான் போனார்கள்.

இன்னொரு கசப்பும் உண்டு. 1846-ல் இங்கிலாந்து சர்க்கரை வரியை மாற்றியது. கியூபா, பிரேசில் நாட்டு அடிமைச் சர்க்கரை மலிவாக வந்தது. ஜனங்கள் வாங்கினார்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-ல். பிரேசிலில் 1888-ல்.

இன்றைய பருத்தி

இப்படிப் பார்த்து வாங்குவதற்கு ‘அரசியல் நுகர்வு’ என்று அறிஞர்கள் பெயர் சூட்டியுள்ளார்கள். சுவீடனில் பணியாற்றிய பேராசிரியை மிசெல் மிக்கெலெட்டி 2003-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

வேலையும் குறைந்துவிடவில்லை. 2021-ல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய வேலையில் சிக்கியிருந்தார்கள் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால், சர்க்கரையைப் போல இன்று எளிதாகக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒரு சட்டைக்குப் பருத்தி ஒரு நாடு, நூல் ஒரு நாடு, தையல் இன்னொரு நாடு!

அப்படியும் ஒரு வெற்றி கிடைத்தது. உஸ்பெகிஸ்தானில் பருத்தி வெடிக்கும் காலம் வந்தால், மாணவர்களையும் ஆசிரியர்களையும் டாக்டர்களையும் கூட அரசாங்கம் வயலுக்கு விரட்டும். உள்ளூர்த் தொண்டர்கள் ஆபத்தைப் பாராமல் வயல் வயலாகப் போய் இதைப் பதிவு செய்தார்கள். அந்தப் பருத்தி வேண்டாம் என்று 300-க்கு மேற்பட்ட துணிக் கம்பெனிகள் எழுதிக் கொடுத்தன. 2016-ல் ஆட்சி மாறியது. சீர்திருத்தம் தொடங்கியது. 2021 அறுவடையில் அரசாங்கமே ஆட்களை விரட்டும் முறை காணப்படவில்லை. 2022 மார்ச் மாதம் தடையை விலக்கிக் கொண்டார்கள்.